பெட்டி கட்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது வீட்டுச் சாமான்களை அனுப்புவது பற்றிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, சாமான் கட்டுதல், சுங்கம், கப்பல் சரக்கு ஆகிய வேலைகளில் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

என் மகள் இரண்டு வருஷமாக இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். மருமகனும் பேரப்பிள்ளைகளும் இப்போதுதான் போகிறார்கள். பாத்திரம், புத்தகம், துணி, தையல் மிஷின் என்று இருபது பெட்டி வரும். விமானத்தில் அனுப்பவா, கப்பலில் அனுப்பவா? வரி உண்டா? – வாசகி, மார்த்தாண்டம்

முதலில் அளவெடுங்கள் அம்மா. கப்பலில் கட்டணம் எடைக்கு அல்ல, அடைக்கும் இடத்துக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். சரக்குக்காரர்கள் இதைத்தான் ‘சிபிஎம்’ என்கிறார்கள். 60 × 45 × 45 அளவுள்ள அட்டைப்பெட்டி 0.1215 கன மீட்டர். எட்டுப் பெட்டி வைத்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். உங்கள் இருபது பெட்டியும் இதே அளவென்றால் 2.43 வரும். தனிக் கன்டெய்னர் எடுக்க வேண்டியதே இல்லை. 20 அடிக் கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அதில் பலருடைய சாமானைச் சேர்த்து ஏற்றி அனுப்புவார்கள், உங்களுக்கு உங்கள் பங்குக்குத்தான் கட்டணம்.

விமானச் சரக்கில் கணக்கு வேறு. அதே பெருக்குத்தொகையை 6000 ஆல் வகுப்பார்கள். மேலே சொன்ன பெட்டிக்கு 20.25 கிலோ வரும். உள்ளே தலையணை மட்டும் வைத்து ஆறு கிலோதான் நிறுத்தாலும் 20.25 கிலோவுக்கே பணம் கேட்பார்கள். எடை, கனஅளவு இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. ஆகவே பாத்திரம், புத்தகம், மிஷின் எல்லாம் கப்பலில் போகட்டும். பிள்ளைகளின் குளிர்கால உடுப்பு, பள்ளிச் சான்றிதழ், ஒரு குக்கர், ஒரு வாணலி ஆகியவற்றை விமானப் பெட்டியிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். பங்குக் கன்டெய்னரில் சாமான் வீடு போய்ச் சேர இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் இரண்டு வாரம் வரை கூடிப்போன அனுபவமும் உண்டு.

வரி விஷயத்தில்தான் உங்கள் வீட்டுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. குடிபெயர்ந்து வருகிறவர் தன் பழைய சாமானை வரியில்லாமல் கொண்டுவர இங்கிலாந்தில் ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்’ என்றொரு சலுகை இருக்கிறது. சாமானைக் குறைந்தது ஆறு மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அவர் 12 மாதம் தொடர்ந்து அந்நாட்டுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். குடியேறிய 12 மாதத்துக்குள் சாமான் வந்து சேர வேண்டும். மகள் போய் இரண்டு வருஷமாகிவிட்டதால் அவர் பெயரில் அனுப்பினால் சலுகை கிடைக்காது. இப்போது போகிற மருமகன் பெயரில் விண்ணப்பியுங்கள். பெறுபவர் பெயரும் அவருடையதாகவே, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கட்டும். விண்ணப்பம் இணையத்தில்தான், அனுமதி எண் வர வாரக்கணக்கில் ஆகலாம். அந்த எண் கையில் வராமல் பெட்டியை வீட்டைவிட்டு இறக்க வேண்டாம். எண் இல்லாமல் சரக்கு அங்கே போய் இறங்கினால் கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறும், 20 சதவீத வாட் வரியும் கேட்பார்கள்.

போன வாரம் வாங்கிய புதுச் சாமானை இந்தப் பட்டியலில் நுழைக்க வேண்டாம். தனியாக எழுதுங்கள். வரியில்லாமல் வந்ததை அங்கே 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

கட்டும்போது ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டியே வாங்குங்கள். பழைய பிஸ்கட் பெட்டி, டிவி பெட்டியெல்லாம் கன்டெய்னரில் மேலே நாலு பெட்டி ஏறினால் நசுங்கிவிடும். ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் தூக்குகிறவர் அதைக் கீழே போடத்தான் செய்வார். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. தட்டுகளைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், அதிர்ச்சியை விளிம்பு தாங்கும்.

இரண்டு ஏஜென்சியில் விலை கேட்டேன். ஒருவர் சொன்னதில் பாதிதான் மற்றவர் சொல்கிறார். குறைவாகச் சொல்பவரை நம்பலாமா? – வாசகர், நாகர்கோவில்

‘எந்த வாசல் வரை?’ என்று இருவரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் வித்தியாசம் இருக்கும். ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து அங்குள்ள வீட்டு வாசல் வரை சொல்லியிருப்பார். மற்றவர் அங்குள்ள துறைமுகம் வரை மட்டும் சொல்லியிருப்பார்.

துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் செலவு முளைக்கும். இறக்குகூலி, பங்குக் கன்டெய்னரைப் பிரித்து வைக்கும் கிடங்குக் கட்டணம், சரக்கை விடுவிக்கும் ‘டெலிவரி ஆர்டர்’ கட்டணம், சுங்கத் தரகர் கூலி, பெட்டி திறந்து பார்த்தால் அதற்கான சோதனைக் கட்டணம், லாரி வாடகை, மாடிக்கு ஏற்றும் கூலி. இத்தனையும் அந்நாட்டுப் பணத்தில். கடல் வாடகை மிகமிகக் குறைவாகத் தெரிகிற பல இடங்களில், இங்கே குறைத்ததை அங்கே உள்ள கூட்டாளி மூலம் வசூலித்துக்கொள்வது இந்தத் தொழிலில் நன்றாகத் தெரிந்த பழக்கம். சாமான் அவர்கள் கிடங்கில் இருக்கும்போது உங்களுக்குப் பேரம் பேச வாய்ப்பே இருக்காது.

அதனால் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை கன மீட்டருக்கு இந்த விலை, கூடினால் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு, குறைந்தபட்சக் கணக்கு என்ன (1 கன மீட்டருக்குக் கீழே இருந்தாலும் ஒன்றுக்குக் கட்டச் சொல்வது வழக்கம்), அங்கே எத்தனை நாள் வரை கிடங்கு வாடகை கிடையாது, அங்குள்ள கூட்டாளி நிறுவனத்தின் பெயர், முகவரி. இதில் கடைசியைச் சொல்லத் தயங்குகிறவரிடம் சாமானைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு இடமும் கவனிக்க வேண்டும். வீட்டில் வந்து பார்த்துவிட்டு மூன்று கன மீட்டர் என்பார்கள். கிடங்கில் அளந்தபோது நாலரை வந்தது என்று பிறகு செய்தி வரும். பொதிந்தபின் பருமன் கூடுவது உண்மைதான். சோபாவுக்கு அட்டை சுற்றினாலே எல்லாப் பக்கமும் கூடும். ஆனால் பெட்டி வாரியான அளவுப் பட்டியல் இல்லாமல் கூடுதல் கணக்கை ஏற்க வேண்டாம். லாரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு பெட்டியின் அளவையும் நீங்களே குறித்து, வந்தவரிடம் கையெழுத்து வாங்கி, படமும் எடுத்துவையுங்கள்.

ரப்பர் மரத்தில் செய்த கட்டில், பழைய பலா மர அலமாரி, இலவம்பஞ்சு மெத்தை. மெல்பர்னுக்குக் கொண்டுபோக ஆசை. நடக்குமா? – வாசகர், குலசேகரம்

நடக்கும், ஆனால் எல்லாம் போகாது. ஆஸ்திரேலியாக்காரர்கள் வரியைவிடப் பூச்சிக்கும் விதைக்கும் மண்ணுக்கும்தான் அஞ்சுகிறார்கள். சோதனைச் செலவு உங்கள் தலையில்.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். போரான் மருந்தேற்றாமல் செய்த கட்டிலை உளுவண்டு துளைக்கும். கட்டிலுக்கு அடியில் மாவு போன்ற பொடி விழுகிறதா, குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஓட்டை பழையதாகவே இருக்கலாம், ஆனால் பொடி புதிதாக விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்படி ஒரு கட்டில் அங்கே போனால் புகைமருந்து போடச் சொல்வார்கள், அல்லது திருப்பி அனுப்பவோ அழிக்கவோ சொல்வார்கள். எல்லாச் செலவும் சேர்ந்து கட்டிலின் விலையைத் தாண்டிவிடும். எங்கள் அபிப்பிராயம்: ரப்பர் மரக் கட்டிலை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பலா அலமாரி நல்ல வைரம் பாய்ந்த மரம், உளுப்பு இல்லை என்றால் கழற்றி, இழுப்பறைகளையும் பின்பலகையையும் துடைத்து, பட்டை ஒட்டிய இடம் இருந்தால் சீவியெடுத்து அனுப்பலாம்.

இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். பஞ்சுக்குள் விதை கிடக்கும், விதை என்றாலே நிறுத்திவிடுவார்கள். தென்னை ஈர்க்கு விளக்குமாறு, பனையோலைப் பெட்டி, சுளகு, கயிற்றுக் கட்டில் எல்லாமும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கப்படும். வறட்டி, மயில்தோகை கூடவே கூடாது. மயில்தோகையை நம் நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்யவே தடை இருக்கிறது. அரிசி, சீரகம், கொண்டைக்கடலை போன்ற தானிய வகைகளைக் கப்பல் பெட்டியில் வைக்கவே கூடாது. கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்கு அஞ்சி 2020 முதல் இதில் மிகவும் கடுமையாக இருக்கிறார்கள். சைக்கிள் சக்கரம், செருப்பின் அடி, மண்வெட்டி, பிள்ளைகளின் கிரிக்கெட் ஷூ இவற்றில் ஒட்டிய மண்ணைப் பிரஷ் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே கட்டுங்கள்.

அலமாரிக்கு மரக்கூடு அடிக்கச் சொன்னால் அந்த மரத்தில் கோதுமைக்கதிர் சின்னமும் ‘ஹெச்டி’ என்ற எழுத்தும் பதித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து எடுத்ததற்கு அது அடையாளம். பக்கத்து மரக்கடையில் கிடைத்த பச்சை ரீப்பரில் கூடு அடித்தால், நல்ல சாமானும் அந்தக் கூட்டுக்காக மாட்டிக்கொள்ளும். பிளைவுட்டுக்கு இந்த முத்திரை தேவையில்லை.

விழிஞ்ஞம் துறைமுகம் எங்கள் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, அங்கிருந்து அனுப்பினால் செலவு குறையாதா? – வாசகர், கொல்லங்கோடு

2025 மே மாதம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த அந்தத் துறைமுகம், பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குக் கன்டெய்னர் மாற்றும் இடமாகத் தொடங்கப்பட்டது. வீட்டுச் சாமானுக்குக் கப்பல் நிற்கிற இடத்தைவிட, பலருடைய பெட்டிகளைச் சேர்த்து ஒரு கன்டெய்னர் நிரப்புகிற கிடங்கு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கொச்சி, தூத்துக்குடி, சென்னை மூன்றிலும் அப்படிப்பட்ட கிடங்குகள் உண்டு. தூத்துக்குடியில் ஏறுகிற கன்டெய்னர் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். ஒரு தடவை மாறினால் ஒரு தடவை காத்திருப்பும் உண்டு. எந்த ஊர்க் கிடங்கு, வாரம் எத்தனை தடவை கன்டெய்னர் நிரப்புகிறார்கள் என்று கேட்டு முடிவெடுங்கள். குமரி மாவட்டத்திலிருந்து லாரி வாடகை மொத்தச் செலவில் சின்னப் பகுதிதான்.

தாத்தா வைத்திருந்த வர்ம வைத்திய ஏடுகள், ஒரு பழைய வெண்கல விளக்கு, கன்னியாகுமரியில் வாங்கிய சங்கு, பவளம். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா? – வாசகி, விளவங்கோடு

ஏடுகளை அனுப்பக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளும், அறிவியல், இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடியென்றால் 75 வயதைத் தாண்டியதும் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் படமெடுத்து, படங்களைத் தம்பிக்கு அனுப்புங்கள். மூல ஏடு இந்த மண்ணிலேயே இருப்பது நல்லது என்றே நாங்களும் நினைக்கிறோம்.

விளக்கு நூறு வயதுக்குக் குறைந்தது என்றால் அனுப்பலாம். ஆனால் சுங்க அதிகாரி கண்ணால் பார்த்து வயது சொல்ல முடியாது. களிம்பேறிய விளக்கு எதுவும் பழசாகத்தான் தெரியும். தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி, பொருளின் படத்தோடு சேர்த்து வையுங்கள். புதுவிளக்கு என்றால் கடை பில் போதும்.

பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அவற்றைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். சங்குகளிலும் சில வகைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எந்த வகை என்று நிச்சயமாகத் தெரியாத சங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மகன் குடும்பம் டொரன்டோ போகிறது. கிரைண்டர், மிக்ஸி, அலுமினியச் சட்டிகள் கொண்டுபோனால் அங்கே வேலை செய்யுமா? – வாசகி, திங்கள்நகர்

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னோட்டம் நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் மாறுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். மிக்ஸியின் மோட்டார் கார்பன் பிரஷ் உள்ளது, ஹெர்ட்ஸ் மாறினாலும் ஓடும். வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வேண்டும். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், தொடங்கும் நொடியில் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். கிரைண்டரின் கதை வேறு. அதன் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுவது. 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இதை மாற்ற முடியாது. மாவு சூடாகும், மோட்டாரும் சூடாகும். 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்ஸியும் கிரைண்டரும் நம் ஊர்க் கம்பெனிகளே விற்கின்றன. அதை வாங்கிக் கொடுப்பதே நல்லது.

சட்டிகளின் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத சட்டி இன்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. குக்கருக்குக் கேஸ்கெட் இரண்டு, வெயிட் ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.

முக்கியமான ஒன்று. கனடாவில் முதல் தடவை விமானம் இறங்கும்போதே, கையில் கொண்டுவந்தவை ஒரு பட்டியல், பின்னால் கப்பலில் வருபவை இன்னொரு பட்டியல் என்று இரண்டையும் சுங்க அதிகாரியிடம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். இரண்டாம் பட்டியலில் இல்லாத பொருள் பிறகு வந்தால் வரிவிலக்கு கேட்க முடியாது. ஒரே பொருள் 10,000 கனடா டாலருக்கு மேல் மதிப்புள்ளதென்றால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு வரி உண்டு.

மே மாதம் கொச்சிக்கு அருகே கப்பல் மூழ்கி, கன்டெய்னர்களும் பிளாஸ்டிக் மணிகளும் கரை ஒதுங்கிய பிறகு பயமாக இருக்கிறது. இன்சூரன்ஸ் எடுத்தால் முழுத்தொகை கிடைக்குமா? – வாசகர், ராஜாக்கமங்கலம்

எம்எஸ்சி எல்சா 3 என்ற அந்தக் கப்பல் 2025 மே 25 அன்று 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. கப்பல் மூழ்குவது அபூர்வம். பெட்டி நசுங்குவது, நனைவது, ஒன்றிரண்டு காணாமல் போவது இவைதான் அடிக்கடி நடப்பவை. இன்சூரன்ஸ் எடுத்தே தீருங்கள், ஆனால் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுங்கள்.

நீங்களே கட்டிய பெட்டிக்குள் கண்ணாடி உடைந்தால் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. பெட்டியே தொலைந்தால்தான் வரும். ஆகவே உடையும் சாமானை மட்டும் ஏஜென்சி ஆட்களைக் கொண்டு கட்டுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதினால் நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும். நாலு லட்சம் மதிப்புள்ள சாமானை இரண்டு லட்சம் என்று எழுதி, 50,000 ரூபாய் நட்டம் வந்தால் 25,000தான் கிடைக்கும். பூஞ்சணத்துக்குப் பல பாலிசிகளில் இடமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கப்பலுக்கு ஆபத்து வந்து அதைக் காப்பாற்றச் செலவு ஆனால், அந்தச் செலவில் ஒரு பங்கைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் கட்ட வேண்டும் என்பது கடல் வணிகத்தின் பழைய விதி. ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்பார்கள். 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் இதை அறிவித்தார்கள். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாமல் இருந்தாலும், பங்கைக் கட்டவோ உத்தரவாதம் தரவோ செய்யாமல் விடமாட்டார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் கட்டினால் துணியும் மரமும் பூத்துப்போகும் என்கிறார்களே? – வாசகி, தக்கலை

உண்மை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரத்தோடு கட்டிய பெட்டி, பகலில் சுட்டு இரவில் குளிரும் கன்டெய்னருக்குள் வேர்த்துக் கொட்டும். கூரைத் தகட்டில் நீர் துளிர்த்துப் பெட்டிமேல் சொட்டும். மரச்சாமானைப் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியிருக்காது. முதலில் போர்வை அல்லது தடித்த காகிதம், மேலே அட்டை. துணியை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மடியுங்கள். பெட்டிக்கு ஒரு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். அந்துருண்டையும் கற்பூரமும் வைக்க வேண்டாம். இரண்டும் எளிதில் தீப்பற்றும் பொருள் என்று கப்பல் விதிகளில் இருக்கிறது. சென்ட் பாட்டில், நெயில் பாலிஷ், லைட்டர், பவர் பேங்க் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள்.

துபாய்க்குக் குடும்பத்தோடு போகிறோம். மசாலா சாமான், மருந்து, நகை எல்லாம் கப்பல் பெட்டியில் போடலாமா? – வாசகி, குளச்சல்

நகையைப் போடவே வேண்டாம், அது கையோடு போக வேண்டியது. திரும்ப வரும்போது கேள்வி வராமல் இருக்க, புறப்படும் நாளில் விமான நிலையச் சுங்கத்தில் நகைக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். எடையும் படமும் உள்ள மதிப்பீட்டுச் சீட்டு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும்.

கசகசா ஒரு தேக்கரண்டி கூட வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் பட்டியலைச் சேர்ந்தது. கடையில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு அமீரக அரசின் முன் அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டு மட்டும் போதாது.

சாமான் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் போகட்டும். அவருடைய ரெசிடென்ஸ் விசா நகல் இல்லாமல் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் வீட்டுச் சாமானாக விடுவிக்க மாட்டார்கள். பெட்டிப் பட்டியலை ஆங்கிலத்தில், பெட்டி எண் வாரியாக எழுதுங்கள். ‘வீட்டுச் சாமான்’, ‘சில்லறைச் சாமான்’ என்று எழுதிய பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். ‘ஸ்டீல் தட்டு 12, பருத்திச் சேலை 8, பழையது’ என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு நகல் கைப்பையில், இன்னொன்று செல்பேசியில், மூன்றாவது ஊரில் இருக்கும் ஒருவரிடம்.